டெல்டாவில் கார்ட்டூன் படத்தின் இரண்டாம் பாகம் என்ன தேறும்?

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை. டிஸ்னியின் ‘மோனா 2’ இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அந்த வாரம் நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் விடாத மழை. சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது. மறுநாளே ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. உலக அளவில் படம் 100 கோடி டாலரைத் தாண்டியது. அடுத்த ஆண்டு ‘ஸூடோபியா 2’ நவம்பர் 28 அன்று வந்தது. அதே நாட்களில்தான் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டுவிட்டு டெல்டா வயல்களையும் மூழ்கடித்தது. நவம்பர் கடைசி வாரம் அமெரிக்கக் குடும்பங்களுக்கு விடுமுறை. வீட்டோடு படத்துக்குப் போவார்கள். நமக்கு அது கார்த்திகை அடைமழை. ஹாலிவுட் தேதி குறிக்கும்போது மேட்டூர் அணையையோ வங்கக் கடலையோ பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

‘நீங்கள்’ என்றால் யார்? திருச்சி–தஞ்சாவூர் விநியோகப் பகுதியில், அதாவது சினிமாக்காரர்கள் சொல்லும் ‘டிடி ஏரியா’வில், ஏதோ ஒரு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர். அல்லது கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ ஒரு தியேட்டருக்குப் படம் புக் செய்பவர். படிப்பு பி.காம். ஆகவும் இருக்கலாம், பொறியியலாகவும் இருக்கலாம். என்றாவது ஒரு நாள் முதலாளி கூப்பிட்டுக் கேட்பார்: “தம்பி, அந்த கார்ட்டூன் படத்துக்கு ரெண்டாம் பாகம் வருதாமே, நம்ம ஏரியாவுல என்ன தேறும்?” இணையத்தில் தேடி உலக வசூலைச் சொன்னீர்களென்றால் அதோடு உங்களை எதுவும் கேட்க மாட்டார். அவருக்குத் தேவை இரண்டே இரண்டு: எவ்வளவுக்குக் கீழே போகாது, எவ்வளவுக்கு மேலே போகாது.

முதலில் தேதி, அப்புறம்தான் படம்

குழந்தைகள் படத்துக்கு டெல்டாவில் மூன்று காலண்டர் பார்க்க வேண்டும்: பள்ளி, நெல், மழை. மூன்றும் ஒத்துவரும் வாரம் ஆண்டில் மிகக் குறைவு.

‘இன்சைட் அவுட் 2’ 2024 ஜூன் 14 அன்று வந்தது. உலகம் முழுக்க சுமார் 169 கோடி டாலர் வசூல். தமிழ்நாட்டில் பள்ளிகள் திறந்ததோ ஜூன் 10. யூனிஃபார்ம், நோட்டு, வேன் கட்டணம் என்று கையில் இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டு நிற்கிற அப்பாவிடம் அந்த வாரம் சினிமாப் பேச்சு எடுபடாது. அமெரிக்கக் கோடை தொடங்கும்போது நம் கோடை விடுமுறை முடிந்துவிடுகிறது.

நெல் கணக்கு இன்னும் நுணுக்கமானது. ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்பது மரபு. 2025இல் அப்படித்தான் திறந்தார்கள், 2024இல் ஜூலை கடைசி வரை இழுத்தது. நேரத்துக்குத் தண்ணீர் வந்தால் புரட்டாசியில் குறுவை அறுவடை. அப்போது காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜையும் கூடவே வரும். கையில் காசு, வீட்டில் பிள்ளைகள், பெருமழை இன்னும் தொடங்கவில்லை. என் கணக்கில் டெல்டாவின் பொன்னான வாரம் அதுதான். சம்பா அறுவடை தை, மாசியில். பொங்கலுக்குப் பெரிய நடிகர்கள் படம் எல்லாத் திரையையும் பிடித்துக்கொள்ளும். மாசியில் காசு இருக்கும், பரீட்சையும் இருக்கும். மே மாதத்தில் பிள்ளைகள் இருப்பார்கள், காசு கல்யாண மொய்யில் போய்க்கொண்டிருக்கும்.

‘குறுவை முடிந்தது, பணம் புழங்குகிறது’ என்று மேசையில் உட்கார்ந்தபடி எழுதிவிடவும் கூடாது. 2025 அக்டோபரில் டிபிசி எனப்படும் நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசல்களில் நெல் குவிந்து கிடந்து மழையில் நனைந்து முளைவிட்டதை நாடே பார்த்தது. அறுத்த நெல்லுக்குப் பணம் வராமல் யார் தியேட்டருக்கு வருவார்கள்? ஒரத்தநாடு, பாபநாசம் பக்கம் தெரிந்தவருக்கு ஒரு போன் போட்டு, “டிபிசியில் பில் ஏறுதா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தகவல் எந்த டிக்கெட் ஆப்பிலும் இருக்காது.

தேதிக்கு எவ்வளவு விலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு, முறையைப் பாருங்கள்.

ஏரியாவில் 10 திரை, ஒவ்வொன்றிலும் சராசரி 350 இருக்கை. தமிழ்ப் படம் ஓடும் நேரத்தில் கார்ட்டூனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 2 காட்சி. ஆக ஒரு நாளைக்கு 7,000 இருக்கை. வரி போக டிக்கெட்டுக்கு 90 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். வெள்ளி 20 சதவீதம், சனி 40, ஞாயிறு 65 நிரம்பினால் மூன்று நாளில் 8,750 டிக்கெட், 7,87,500 ரூபாய். பள்ளி நடக்கிற வாரமென்றால் திங்கள் முதல் வியாழன் வரை 8 சதவீதம் வந்தாலே பெரிது. 2,240 டிக்கெட், 2,01,600 ரூபாய். வார வசூல் 9,89,100. ஷேர் பாதிக்குப் பாதி என்றால் விநியோகஸ்தருக்கு 4,94,550.

அதே படம், அதே 10 திரை, அந்த நான்கு நாளும் லீவு. 30 சதவீதம் நிரம்புகிறது. 8,400 டிக்கெட், 7,56,000 ரூபாய். வார வசூல் 15,43,500, ஷேர் 7,71,750. தேதி மட்டுமே 2,77,200 ரூபாயைக் கூட்டித் தந்திருக்கிறது. சென்னையிலிருந்து ‘6 லட்சம் எம்ஜி’ (மினிமம் கேரண்டி, படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொடுத்தாக வேண்டிய தொகை) என்று விலை சொன்னால் முதல் தேதியில் கையைக் கடிக்கும், இரண்டாவது தேதியில் மிஞ்சும். போஸ்டர், டிஜிட்டல் கட்டணம், தியேட்டருக்கு அனுப்பும் பிரதிநிதியின் (ரெப்) பேட்டா எல்லாம் இந்த ஷேரிலிருந்துதான் போக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். வரியிலும் ஒரு கண் இருக்கட்டும்: 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. சிற்றூர்த் தியேட்டரில் 100 ரூபாய்க்கும் 120 ரூபாய்க்கும் நடுவே மிஞ்சுவது நினைப்பதைவிடக் குறைவு.

இரண்டாம் பாகம் என்றாலே லாபமா?

இல்லை. ‘இன்சைட் அவுட்’ முதல் பாகம் சுமார் 86 கோடி டாலர், இரண்டாவது கிட்டத்தட்ட இரு மடங்கு. ‘ஃப்ரோஸன்’ 128 கோடி, ‘ஃப்ரோஸன் 2’ 145 கோடி. இதை மட்டும் பார்த்தால் தொடர்ச்சி என்பது அட்சயபாத்திரம் மாதிரித் தெரியும். ‘தி சீக்ரெட் லைஃப் ஆஃப் பெட்ஸ்’ 2016இல் 87 கோடியைத் தாண்டியது. 2019இல் வந்த இரண்டாம் பாகம் 45 கோடியைக்கூடத் தொடவில்லை. ‘தி லெகோ மூவி’ 2014இல் சுமார் 47 கோடி, 2019இல் 20 கோடிக்குள். 2019இன் ‘தி லயன் கிங்’ 160 கோடி டாலருக்கு மேல். அதற்கு முன்கதையாக வந்த ‘முஃபாசா’ 72 கோடி அளவில் நின்றது.

நம் மண்ணின் பாடம் சோழர் கதையிலேயே இருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று, நான் மேலே சொன்ன பொன்னான வாரத்தில், வந்தது. உலக வசூல் 500 கோடி ரூபாய் அளவு என்றார்கள். இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28, கோடை விடுமுறை. தேதியில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் 350 கோடி அளவில்தான் நின்றது. கல்கியின் கதை திரையில் எப்படி இருக்கும் என்கிற ஆவலை முதல் பாகமே தீர்த்துவிட்டது. அனிமேஷன் படம் இல்லைதான். ஆனால் தொடர்ச்சிக்கு இது நல்ல உரைகல்: முதல் பாகம் பார்த்தவருக்கு இன்னும் என்ன மிச்சம்? பதிலை ஒரு வரியில் எழுத முடியவில்லை என்றால் முதல் பாகத்தின் வசூலிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஃபிளெக்ஸ் கடைக்காரரைக் கேளுங்கள்

ஹாலிவுட் கார்ட்டூனுக்கு டெல்டாவில் முதல் பாகத்தைத் தியேட்டரில் பார்த்தவர்கள் சொற்பம். இங்கே முதல் பாகம் என்பது டிவி. 2007இல் சுட்டி டிவி வந்ததிலிருந்து தமிழ் பேசும் கார்ட்டூன் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் வளர்ந்த பிள்ளைகள் இன்று பெற்றோர்களாகிவிட்டார்கள். இப்போது அம்மாவின் போன். ஆகவே முந்தைய படத்தின் பழைய டிசிஆரை, அதாவது தினசரி வசூல் அறிக்கையைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கதாபாத்திரம் ஊருக்குள் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பார்ப்பது எளிது. முதல் பிறந்தநாளுக்கும் காதணி விழாவுக்கும் ஃபிளெக்ஸ் வைக்காத தெரு டெல்டாவில் கிடையாது. குழந்தையின் படத்துக்குப் பக்கத்தில் எந்த கார்ட்டூனை வைக்கச் சொல்கிறார்கள் என்பது ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிற பையனுக்கு மனப்பாடம். பேக்கரியில் கேக் மேல் எந்தப் பொம்மை கேட்கிறார்கள், பள்ளிக்கூட வாசல் ஃபேன்சி ஸ்டோரில் எந்தப் படம் போட்ட பை முதலில் தீர்கிறது, நோட்டு லேபிளில் எது போகிறது — நான்கு ஊரில் இந்த நான்கு கடையை ஒரு சனிக்கிழமை சுற்றிவந்தால் போதும். ராணி எல்சாவின் படம் போட்ட பை ‘ஃப்ரோஸன்’ பெயரே தெரியாத வீட்டிலும் இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு விளம்பரத்தில் படத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டு என்ன பயன்? எல்சாவின் முகத்தைப் போடுங்கள்.

எல்லா அனிமேஷனும் குழந்தைகள் படம் அல்ல. 2025 செப்டம்பர் 12 அன்று இந்தியாவுக்கு வந்த ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ தொடரைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கானது. இதற்கு வருகிற கூட்டம் கல்லூரி ஹாஸ்டலிலிருந்து வரும். சப்டைட்டில் போதும் என்பார்கள். இங்கே ஆயுத பூஜை விடுமுறை உங்களுக்கு எதிரி, ஹாஸ்டல் காலியாகிவிடும். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் போடலாம். வேதாரண்யத்துக்கு அனுப்பினால் ஈ ஓட்ட வேண்டியதுதான். தணிக்கைச் சான்றையும் பாருங்கள். 2024 கடைசியிலிருந்து யுஏவில் 7, 13, 16 என்று வயதுப் பிரிவு போடுகிறார்கள். குடும்பப் படம் என்று விற்கப்படும் படத்துக்கு 16 என்று வந்தால் உங்கள் ஞாயிறு 65 சதவீதத்தைத் திருத்தி எழுதுங்கள்.

குரலுக்கு இங்கே விலை உண்டு. 2019 ‘தி லயன் கிங்’ தமிழில் அரவிந்த்சாமி ஸ்காராகப் பேசினார். ரோபோ சங்கரும் சிங்கம்புலியும் பும்பா, டிமோனாக அடித்த லூட்டிக்குத் தாத்தா பாட்டியும் சிரித்தார்கள். ‘முஃபாசா’விலும் இருவரையும் விடாமல் வைத்துக்கொண்டது அதனால்தான். 2024 டிசம்பர் 20 என்ற அதன் தேதியும் அரையாண்டு விடுமுறையை ஒட்டி அமைந்தது. ரோபோ சங்கர் 2025 செப்டம்பரில் காலமானார். அடுத்து ஒரு பாகம் வந்தால் ‘பும்பாவுக்கு யார் பேசுகிறார்?’ என்பது எம்ஜி பேசும் முன் கேட்க வேண்டிய கேள்வி. நட்சத்திரத்தின் பெயரையே முழுக்க நம்புவதும் ஆபத்து. 2014 மே 23 அன்று வந்த ‘கோச்சடையா’னுக்கு ரஜினிகாந்தும் ஏ.ஆர். ரஹ்மானும் இருந்தார்கள், ரஜினி படத்துக்கு எதிர்பார்த்த ஓட்டம் இல்லை. ரசிகன் ரஜினியைப் பார்க்க வந்தான், பொம்மையைப் பார்க்க வரவில்லை.

தாளைப் படிக்கப் பழகுங்கள்

வெளியான பிறகுதான் உங்கள் வேலை சூடு பிடிக்கும். நான்கு காட்சியும் ஓட்டிய ஒரு ஊரின் ஞாயிறு டிசிஆர் காலை 41, மதியம் 96, மாலை 212, இரவு 19 என்று வந்திருந்தால் அது தோல்விப் படம் அல்ல, குடும்பப் படம். இரவுக் காட்சியை வேறு படத்துக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரமும் மாலைக் காட்சியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். தியேட்டர்காரர் முனகினால் கேன்டீன் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். நாலு பேர் கொண்ட குடும்பம் பாப்கார்னும் பப்ஸும் வாங்குவதுபோல் இரவுக் காட்சி இளைஞர்கள் வாங்குவதில்லை. பல ஊரில் கார்ட்டூன் படம் இரண்டாம் வாரம் நீடிப்பது கேன்டீனால்தான்.

ஆன்லைன் புக்கிங்கில் மொத்த எண்ணிக்கையைவிட ஒரு புக்கிங்குக்கு எத்தனை டிக்கெட் என்பதைப் பாருங்கள். இரண்டு இரண்டாகப் போனால் கல்லூரிக் கூட்டம், ஞாயிறோடு சரி. நான்கு, ஐந்து என்று போனால் குடும்பம். வாய்வழிச் செய்தி பரவும். கடைசியாக, திங்களை வெள்ளியோடு ஒப்பிடுங்கள். திங்கள் வெள்ளியில் பாதிக்குக் கீழே விழுந்தால் அடுத்த வெள்ளிக்குப் புதுப் படம் தேடத் தொடங்கலாம்.

திங்கள் வெள்ளியை மிஞ்சுவது அபூர்வம். அது நடந்த படம் ‘மகாவதார் நரசிம்மா’.

அடுத்து வருவது பரசுராமர்

அஷ்வின் குமார் இயக்கி, ஹொம்பாலே பிலிம்ஸ் வழங்கிய ‘மகாவதார் நரசிம்மா’ 2025 ஜூலை 25 அன்று ஐந்து மொழிகளில் வந்தது. முதல் நாள் இந்தியா முழுக்க 2 கோடி ரூபாய்கூடத் தேறவில்லை. இரண்டாம் வார வசூல் முதல் வாரத்தைத் தாண்டியது. முடிவில் உலக அளவில் 300 கோடிக்கு மேல். ஆனால் இதில் பெரும்பங்கு இந்தி, அடுத்தது தெலுங்கு. தமிழின் பங்கு மிகச் சிறியது. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். அதே நாளில் விஜய் சேதுபதியின் ‘தலைவன் தலைவி’ வந்தது. பேச்சு பரவி முடிவதற்குள் ஆகஸ்ட் 14 அன்று ‘கூலி’ எல்லாத் திரையையும் எடுத்துக்கொண்டது. மாதமோ ஆடி, நாற்றங்காலுக்கும் உரத்துக்கும் பணம் வெளியே போகிற காலம். ஆந்திராவில் நரசிம்மர் வீட்டுத் தெய்வம். தஞ்சை வெண்ணாற்றங்கரையிலும் நரசிம்மருக்குக் கோயில் இருக்கிறது. ஆனாலும் டெல்டாவின் பொதுக்கூட்டம் மாரியம்மனுக்கும் முருகனுக்கும்தான் கூடும்.

இந்த வரிசையின் அடுத்த படம் ‘மகாவதார் பரசுராம்’, 2027 என்று அறிவித்திருக்கிறார்கள். முதலாளி கேட்கப்போகும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அவருக்கு நான் தரும் தாள் இது.

பாதகம்: பிரகலாதன் கதையில் ஒரு குழந்தை இருந்தது, பிள்ளைகளுக்கு அது போதும். பரசுராமர் கதையில் கோடரியும் கோபமும். தாயின் தலையை மகன் வெட்டும் காட்சிக்கு எந்த வயதுச் சான்று கிடைக்கும் என்பது பெரிய சந்தேகம். சாதகம்: அந்தத் தாய் ரேணுகாதேவி. அவளையே மாரியம்மனாகச் சொல்லும் கதை நம் கிராமங்களில் இன்றும் வழங்குகிறது. சமயபுரமும் புன்னைநல்லூரும் நம் ஏரியாவுக்குள்தான் இருக்கின்றன. கர்ணனின் தொடையை வண்டு துளைக்க, அவன் மடியில் தூங்கிய குருவும் பரசுராமரே. 1964இன் ‘கர்ணன்’ படத்தில் அதைப் பார்த்து, 2012இல் மறுபடி வந்தபோதும் பார்த்த தலைமுறை பேரன் பேத்திகளோடு உட்கார்ந்திருக்கிறது. போஸ்டரில் கோடரியைச் சிறிதாகவும் ரேணுகாதேவியைப் பெரிதாகவும் போடச் சொல்லி இப்போதே கேட்டு வைக்கலாம்.

எம்ஜி வேண்டாம், ஷேர் அடிப்படையில் மட்டும். முதல் வாரம் 6 திரைக்கு மேல் வேண்டாம். ஆனால் இரண்டாம் வாரத்துக்கு 10 திரையில் இடம் பேசி வையுங்கள், முதல் படம் ஏறிய விதம் அப்படி. காலாண்டு விடுமுறைத் தேதி கிடைத்தால் மேலே போட்ட கணக்கின் பெரிய தொகையைத் திரை எண்ணிக்கைக்கு ஏற்ப எதிர்பார்க்கலாம். ஆடியில் வந்தால் சின்னத் தொகையே கடினம். பெரிய நடிகரின் படம் மூன்று வாரத்துக்குள் வருகிறதென்றால் வேறு எந்தச் சாதகமும் செல்லாது.

தாளில் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு ஒரு நகலை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். படம் வந்த இரண்டாம் திங்கட்கிழமை டிசிஆரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எந்த வரி தப்பியது என்று அதே தாளில் எழுதுங்கள். நான்கைந்து படத்துக்கு இப்படி எழுதிய தாள்கள் சேர்ந்துவிட்டால் சம்பள உயர்வு கேட்கும்போது அவற்றை எடுத்துக்கொண்டு போங்கள்.